தம்பிக்கென்று வாங்கிய சட்டைகள்

ஏணியிலிருந்து விழுந்த மறுவாரம்தான் நான் முதன்முதலாக ஆண்கள் சட்டை போட்டேன்.

தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு ஜவுளிக்கடையில் எனக்கு வேலை. கீழே புடவை, சுடிதார், குழந்தைகள் துணி. மாடியில் ஆண்கள் பிரிவு. ஏழு வருஷம் கீழே புடவை விரித்துக்கொண்டிருந்தேன். மாடியில் நின்ற இரண்டு பேர் ஒரே மாதத்தில் ஓசூர்ப் பக்கம் கம்பெனி வேலைக்குப் போய்விட, முதலாளி எங்கள் வரிசைக்கு வந்து நின்று, "இதுல யாரு ஒசரம்?" என்று கேட்டார். கேட்கவே வேண்டியதில்லை. எல்லோரும் என்னைத்தான் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் ஐந்தடி எட்டங்குலம். அதை யாரும் ஒரு நல்ல விஷயமாக என்னிடம் சொன்னதில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் என்னை உட்காரவைத்தே பார்த்துவிட்டுப் போகட்டும் என்று என் அம்மா ஏற்பாடு செய்வாள். எழுந்து நின்றதும் சிரித்துக்கொண்டே "இன்னும் வளருவியா?" என்று கேட்டவரைத்தான் கட்டிக்கொண்டேன். என்னைவிட ஒரு அங்குலம் குறைவு அவர். அதைப் பற்றி அவர் கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை.

மாடியில் சட்டைப் பெட்டிகள் கூரைவரை அடுக்கியிருக்கும். மேல் வரிசைக்கு இரும்பு ஏணி. பெண்களுக்கு யூனிஃபார்ம் காப்பிக் கலரில் வெள்ளைப் பூப்போட்ட வழவழப்பான புடவை. ஐந்து பின் குத்தினாலும் ஆறாவது இடத்தில் நழுவும். அந்தப் புடவையோடு ஏணியில் நிற்பதற்கு ஒரு கை, பெட்டி எடுக்க ஒரு கை, கொசுவத்தைப் பிடிக்க ஒரு கை என்று மூன்று கை வேண்டும். கீழே நிற்கிற ஆண்களில் சிலர் வேறு பக்கம் பார்ப்பார்கள். சிலர் பார்க்க மாட்டார்கள்.

கல்யாண சீசனில் ஒருநாள், மாப்பிள்ளை வீட்டார் ஏழு பேருக்கு ஒரே மாதிரி சந்தனக் கலர் சட்டை கேட்டார்கள். மேல் வரிசையில் இருந்தது. ஏறி எடுத்துக்கொண்டு இறங்கும்போது ஏணியின் போல்ட்டில் கொசுவம் மாட்டிக்கொண்டது. நான் ஒரு பக்கம், பெட்டிகள் ஒரு பக்கம். தரையில் உட்கார்ந்த நிலையில் என் மேல் சந்தனக் கலர் சட்டைகள் கிடந்தன. மாப்பிள்ளையின் அத்தை ஓடிவந்து என் கொசுவத்தை மூடிப் பிடித்துக்கொண்டார். நான் எழுந்திருக்கும்வரை அவர் கையை எடுக்கவில்லை.

முதலாளி மாடிக்கு வந்தார். அவருக்கு அறுபது வயது இருக்கும். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை தவிர வேறு எதிலும் அவரை நான் பார்த்ததில்லை.

"அடி பட்டுச்சாம்மா?"

"எனக்கு இல்லீங்கண்ணா. பொடவைதான் கிழிஞ்சுபோச்சு."

"அது போனா போவுது. வேற பொடவை எடுத்துக்க."

"பொடவை வேணாங்கண்ணா. பசங்களுக்குத் தர்ற சட்டை பேண்ட்டு குடுங்க. அதப் போட்டுக்கறேன்."

முழங்கை வலித்துக்கொண்டிருந்தது. அந்த வலியில் வாய் தானாகப் பேசிவிட்டது. அவர் பேனாவால் கல்லாப் பெட்டியைத் தட்டுவதுபோல மேசையைத் தட்டினார்.

"வூட்டுல கேட்டியா?"

"வூட்டுல யாரும் ஏணி ஏறலீங்களே."

பக்கத்தில் நின்ற பையன்கள் சிரிப்பை அடக்க முடியாமல் பெட்டி பொறுக்கக் குனிந்துகொண்டார்கள். முதலாளி கொஞ்சநேரம் ஏணியையே பார்த்தார்.

"செரி. ஒரு வாரம் போட்டுப் பாரு. கஸ்டமரு யாராச்சும் ஒரு வார்த்தை சொன்னா மறுபடியும் பொடவைதான். செரியா?"

"செரிங்கண்ணா."

மாடிப்படிக்கு அடியில் ஆல்ட்ரேஷன் தையல்காரர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். பேண்ட் நீளம் குறைப்பது, இடுப்பு பிடிப்பது அவர் வேலை. அதிகம் பேசாத மனிதர். ஆண்களை அளந்தே பழகியவர். நான் போய் நின்றதும் டேப்பை என் கையில் கொடுத்துவிட்டு எதிர்ச் சுவரில் இருந்த காலண்டரைப் பார்க்க ஆரம்பித்தார்.

"நீயே அளந்து சொல்லும்மா. நான் எழுதிக்கறேன்."

நான் சொன்னேன், அவர் எழுதினார். இடுப்புக்குச் சரியாக இருந்த பேண்ட் தொடையில் ஏறவில்லை. தொடைக்குச் சரியானது இடுப்பில் நழுவியது. பெரியதை எடுத்துப் பின்பக்கத் தையலைப் பிரித்து இடுப்பை மட்டும் பிடித்தார். சட்டைக்கு வேலையே இல்லை. நாற்பது சைஸ் தோளில் அப்படியே உட்கார்ந்தது. கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "பட்டன அந்தப் பக்கம் மாத்தணுமா? லேடீசுக்கு அந்தப் பக்கம் வரும்." வேண்டாம் என்றேன்.

ட்ரையல் ரூமில் கண்ணாடி முன் நின்றபோது எனக்கு வேறொன்று தெரிந்தது. அதுவரை நான் போட்ட எந்தச் சுடிதாரின் கையும் என் மணிக்கட்டைத் தொட்டதில்லை. எந்தப் பேண்ட்டும் கணுக்காலை மூடியதில்லை. எல்லாம் எனக்கு ஒரு சாண் முன்னாலேயே முடிந்துபோகும். வளர்ந்துவிட்ட பிள்ளை போன வருஷத்துத் துணியைப் போட்டதுபோல இருக்கும். இந்தச் சட்டையின் கை மணிக்கட்டுவரை வந்து நின்றது. பேண்ட் செருப்பைத் தொட்டது. யாரோ எனக்கென்று அளந்து வைத்துவிட்டு இத்தனை நாள் சொல்லாமல் இருந்ததுபோல் இருந்தது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். வெளியே ஒருவர் கதவைத் தட்டி, "தம்பி, ஆச்சா?" என்றார்.

அந்த ஒரு வாரமும் பயந்துகொண்டேதான் நின்றேன். ஆனால் ஏணி எனக்குப் பிடித்துப்போனது. கையை வீசி ஏறினேன். மேல் வரிசையில் என்னென்ன இருக்கிறது என்று அந்த வாரம்தான் சரியாகப் பார்த்தேன். சட்டைப் பையில் பேனா, பேண்ட்டின் இடது பையில் டேப், வலது பையில் போன். கீழே ஏழு வருஷமாகப் போனை இடுப்பில் செருகி வைத்து, அது அதிரும்போதெல்லாம் திடுக்கிட்டவள் நான்.

வத்தல்மலையிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் நான் ஏணியில் முதுகு காட்டி நிற்கும்போது, "தம்பி, அந்தக் கட்டம் போட்டத எடுப்பா" என்றார். திரும்பினேன். "அட, பாப்பாவா? அதனால என்னா, எடு" என்றார். அவ்வளவுதான். சட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வாரம் முடிந்தது. முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரமும் சொல்லவில்லை. யாருமே குறை சொல்லவில்லை போல என்று நினைத்துக்கொண்டேன். தையல்காரர்தான் ஒருநாள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொன்னார்.

"மூணாம் நாளே ஒருத்தர் வந்து மொதலாளிகிட்ட சொன்னாரு. பொம்பளைய இப்படி நிறுத்தி வெச்சிருக்கீங்களேன்னு."

"அண்ணா என்னா சொன்னாரு?"

"'ஏணி ஏறணுமுங்க'ன்னாரு."

அன்று மாலை கணக்கை ஒப்படைக்கப் போனபோது முதலாளியிடம் அதைப் பற்றி ஏதாவது சொல்லலாம் என்று நினைத்தேன். அவர் நிமிராமலே, "பேண்ட்டு தேஞ்சா வேற கேட்டு வாங்கிக்க" என்றார். நானும் சரிங்கண்ணா என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

மாடிக்கு வந்த பிறகுதான் ஒரு விஷயத்தைக் கவனித்தேன். சட்டை வாங்க வரும் பெண்களில் சிலர் சட்டையைப் பார்க்கிற விதமே வேறு. அண்ணனுக்கோ கணவருக்கோ வாங்குகிறவர்கள் சட்டையை மேசைமேல் விரித்துத் தள்ளி நின்று பார்ப்பார்கள். இவர்கள் எடுத்துத் தங்கள் தோளில் வைப்பார்கள். நான் பார்ப்பது தெரிந்ததும் கீழே வைத்துவிடுவார்கள்.

ஒரு கல்லூரிப் பெண். கறுப்பு லெகிங்ஸ், தோளில் பை. கருநீலத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு போட்ட சட்டையை மூன்று தடவை எடுத்து மூன்று தடவை வைத்துவிட்டாள்.

"யாருக்கும்மா?"

"தம்பிக்குக்கா."

"தம்பி எவ்ளோ ஒசரம்?"

"என்ன மாதிரியேதான் இருப்பான்."

"ஒடம்பு?"

"என்ன மாதிரியேதான்."

"அப்போ நீயே போட்டுப் பாத்துடு. தம்பிக்குச் செரியா இருக்கும்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள், பிறகு என் சட்டையைப் பார்த்தாள். சட்டையை எடுத்துக்கொண்டு ட்ரையல் ரூமுக்குள் போனாள். நான் வாசலில் காவல் நின்றேன். வெளியே வந்தபோது கழுத்துப் பட்டன்வரை போட்டுக்கொண்டு விறைப்பாக நின்றாள். மேல் பட்டனைக் கழற்றச் சொன்னேன். கையை முழங்கைக்குக் கீழேவரை இரண்டு மடிப்பு மடித்துவிட்டேன். முன்பக்க நுனியை மட்டும் உள்ளே செருகச் சொன்னேன். அவள் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"தம்பிக்குப் புடிக்குமா?" என்றேன்.

"ரொம்பப் புடிக்கும்க்கா" என்றாள். இருவரும் சிரித்துவிட்டோம்.

மறுநாள் மூன்று தோழிகளோடு வந்தாள். ஒருத்திக்கும் தம்பி இல்லை.

அப்படித்தான் அது பரவியது. நர்சிங் படிக்கிறவர்கள், டீச்சர் வேலைக்குப் போகிறவர்கள், ஸ்கூட்டியில் தொப்பூர் கணவாயைத் தாண்டிப் போய் வேலை பார்க்கிற ஒரு பெண். கனரக லாரிகள் பக்கத்தில் துப்பட்டா பறந்தால் உயிர் கையில் இருக்காது என்பதால் சுடிதாருக்கு மேல் போட்டுக்கொள்ள முரட்டுத் துணியில் சட்டை கேட்டாள். பெண்கள் சட்டை என்று கம்பெனிகள் அனுப்புவதும் எங்கள் கடைக்கு வரும். துணி மெல்லிசாக இருக்கும், பை இருக்காது, இடுப்பைப் பிடிக்கும். அதைக் காட்டினால், "இது வேணாங்க்கா, நெசமான சட்டை குடுங்க" என்பார்கள்.

எனக்கே தெரியாமல் நான் இதில் கைதேர்ந்துவிட்டேன். தோள் தையல் தோள் எலும்பைத் தாண்டி ஒரு விரல் இறங்கினால் அழகு, நான்கு விரல் இறங்கினால் இரவல். மார்புக்குச் சரியாகப் பார்க்காமல் தோளுக்குச் சரியாகப் பார்த்தால் பட்டன் இடைவெளி விரியும். குள்ளமானவர்களுக்குப் பெரிய சட்டையைவிடச் சின்னக் காலர் முக்கியம். லினன் சட்டையைக் காட்டன் புடவைக்கு ரவிக்கையாகப் போட்டுக் காலரைத் தூக்கிவிட்டால் கழுத்தில் நகையே வேண்டியதில்லை. இந்தக் கடைசியை முதலில் என் மேல்தான் பரீட்சை செய்தேன். என் சித்தப்பா மகளின் வளைகாப்புக்கு வெள்ளைச் சட்டைமேல் கத்தரிப்பூக் கலர் புடவை கட்டிக்கொண்டு போனேன். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு பெண் என்னையே பார்த்துக்கொண்டு சாப்பிட்டாள். ரசம் வந்தபோது மெதுவாகக் கேட்டாள்: "இந்த ரவிக்கைய எங்க தைக்கக் குடுத்தீங்க?"

என் வீட்டுக்காரர் குட்டியானை வண்டி ஓட்டுகிறார். சந்தைக்குக் காய்கறி, பூ மூட்டை, சில நாள் வீடு மாற்றுகிறவர்களின் பீரோ கட்டில். அவரும் நாற்பது சைஸ். நான் சட்டை போட ஆரம்பித்ததைப் பற்றி அவர் முதலில் ஒன்றும் சொல்லவில்லை. ஒருநாள் காலையில் என் கடைச் சட்டையைத் தேடுகிறேன், காணோம். அவர் அதைப் போட்டுக்கொண்டு வண்டியில் ஏறிக்கொண்டிருந்தார்.

"என்னங்க, அது என்னுது!"

"இது இஸ்திரி போட்டிருந்துச்சு" என்றார், அதுவே பதில் என்பதுபோல.

அன்று நான் அவருடைய கட்டம் போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு டவுன் பஸ்ஸில் போனேன். கூட்டம். கம்பியைப் பிடித்திருந்த என் கை மட்டும்தான் கண்டக்டருக்குத் தெரிந்திருக்கிறது. "அந்தக் கட்டம் போட்ட சட்டை, டிக்கெட் எடுப்பா!" என்று இரண்டு தடவை கத்தினார். தலையை நீட்டிக் காட்டினேன். "ஐயோ, அக்கா நீங்களா" என்று இலவச டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். பஸ்ஸே சிரித்தது. எனக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது.

ஆனால் என் மாமியாரிடம் மட்டும் நான் இதை மூன்று மாதம் மறைத்தேன். நாங்கள் டவுனில் வாடகை வீட்டில் இருக்கிறோம். அத்தை பென்னாகரம் போகிற வழியில் ஊரில் இருக்கிறார். முக்கால் ஏக்கரில் சாமந்தி போட்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் போவோம். அன்றைக்கு நான் சுடிதாரிலோ புடவையிலோ இருப்பேன். ஒரு சனிக்கிழமை கடையிலிருந்து நேராக என் வீட்டுக்காரர் வண்டியில் ஊருக்குப் போக வேண்டியிருந்தது. மாற்றுத் துணி எடுத்துவர மறந்துவிட்டேன்.

அத்தை தோட்டத்தில் பூ எடுத்துக்கொண்டிருந்தார். புடவைக்கு மேல் என் வீட்டுக்காரரின் பழைய முழுக்கைச் சட்டை. ஒரு கை முழங்கையில் கிழிந்திருந்தது, காலர் நைந்துபோயிருந்தது, பாதிப் பட்டன் இல்லை. எங்கள் பக்கம் வெயிலில் வேலை செய்கிற பெண்கள் எல்லோரும் இப்படித்தான். நான் வரப்பில் இளநீலச் சட்டையும் கறுப்புப் பேண்ட்டுமாக நின்றேன்.

"என்னா கோலம் இது?" என்றார்.

"கடை வேலைக்குங்கத்தை. ஏணி ஏறணும்."

"ஏணி ஏறணும்னா ஆம்பளத் துணியா போடுவாங்க? ஊருல நாலு பேரு பாத்தா என்னா சொல்லுவாங்க?"

"நீங்களும் சட்டைதானேங்கத்தை போட்டிருக்கீங்க?"

அவர் குனிந்து தன்னைப் பார்த்துக்கொண்டார். கிழிந்த கையை இன்னொரு கையால் மூடினார்.

"இது சட்டையா? இது வெயிலுக்கு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பூ எடுக்கப் போய்விட்டார்.

நான் சொன்னதை அந்த நிமிஷமே திருப்பி எடுத்துக்கொள்ள முடியுமா என்று பார்த்தேன். எதிர்வாதம் செய்ய நினைத்துத்தான் சொன்னேன். அவர் அந்தக் கிழிசலை மூடியது எனக்குப் பெரிய சங்கடமாகப் போய்விட்டது. அன்றும் மறுநாளும் சோறு போடும்போது பேசியதைத் தவிர வேறு பேச்சு இல்லை. திரும்பி வரும்போது வண்டியில் என் வீட்டுக்காரரிடம் நடந்ததைச் சொன்னேன். "விடு, செரியாயிடும்" என்றார். ஆண்கள் எல்லாவற்றுக்கும் வைத்திருக்கிற பதில் அது.

இரண்டு வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை. பஸ் ஸ்டாண்டு பூ மார்க்கெட்டில் பூவைப் போட்டுவிட்டு, காலிக் கோணியை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, அத்தை எங்கள் கடை மாடிப்படி ஏறி வந்தார். என்னைப் பார்த்தார். பக்கத்தில் இரண்டு பையன்கள், எதிரே வேறு வாடிக்கையாளர்கள். அத்தை முன்பின் தெரியாதவரைப்போல மேசைக்கு அந்தப் பக்கம் நின்றார்.

"ஒரு சட்டை காட்டுங்க" என்றார்.

என்னிடம் 'ங்க' போட்டு அத்தை பேசியது வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. நானும் கடைக்காரியாகவே நின்றேன்.

"யாருக்குங்க?"

"எம் மவனுக்கு."

"எப்படிப்பட்டதுங்க வேணும்?"

"கை முழுசா வரணும். காலரு நல்லா கெட்டியா இருக்கணும், கழுத்து கருக்குது. பை ரெண்டு இருந்தா நல்லது. துணி வெயிலுக்கு ஒடம்புல ஒட்டக்கூடாது."

அவர் மகனுக்கு ஒரு பையே போதும். வண்டிக்குள் உட்கார்ந்திருப்பவருக்குக் கழுத்தும் கருக்காது. காட்டன் சட்டைகளாக எடுத்துப் பரப்பினேன். முதலில் சாம்பல் கலர், பழுப்பு என்று அழுக்குத் தெரியாததையெல்லாம் தொட்டார். விரல் மட்டும் திரும்பத் திரும்ப ஒரு சட்டைக்கே போனது. இளம்பச்சையில் வெள்ளைக் கட்டம். இரண்டு பக்கமும் மூடி வைத்த பை.

"இது எம் மவனுக்குப் புடிக்காது" என்றார்.

"ஆமாங்க. அவருக்குப் பச்சை புடிக்காதுங்க."

"ஆனா துணி நல்லா இருக்குது."

"நீங்களே போட்டுப் பாத்துடுங்களேன். அளவு தெரிஞ்சுடும்."

ட்ரையல் ரூமுக்கு வரமாட்டேன் என்று தலையாட்டினார். தூணில் இருந்த ஆளுயரக் கண்ணாடி முன்னால் நின்று, புடவைக்கு மேலேயே போட்டுக்கொண்டார். நான் கோணியை வாங்கிக்கொண்டேன். அட்டையையும் குண்டூசிகளையும் எடுத்த புதுச் சட்டைக்கு ஒரு மணம் உண்டு. அவர் கையை மூக்கருகே கொண்டுபோனார். பட்டன்களை ஒவ்வொன்றாக, மேலிருந்து கீழ்வரை, ஒன்றையும் விடாமல் போட்டார். இரண்டு கையையும் நீட்டிப் பார்த்தார். இரண்டும் முழுசாக இருந்தன.

"மொதல்ல மாமனாரு சட்டை" என்றார் மெதுவாக. இப்போது எனக்கு மட்டும் கேட்கிற குரல். "அப்புறம் ஒங்க மாமா சட்டை. அப்புறம் இவன் சட்டை. எல்லாம் அவங்க போட்டு முடிச்சதுதான். புதுசா ஒண்ணு இப்படி நான் போட்டதே இல்ல பாப்பா."

பக்கத்துப் பையன் இன்னொரு சட்டை எடுத்துக் கொடுக்க வந்தான். கண்ணாலேயே வேண்டாம் என்றேன்.

"இதக் கட்டிடட்டுங்களா?" என்றேன்.

"கட்டு" என்றார். ஒரு நொடி யோசித்துவிட்டு, "அவன்கிட்ட சொல்லாத" என்றார்.

படியிறங்கும்போது திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தார். "பேண்ட்டுக்கு இஸ்திரி மடிப்பு செரியா இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். என் பேண்ட்டைப் பற்றி அவர் சொன்ன கடைசிக் குறை அது.

அந்த மாதத்திலேயே முதலாளி மாடிப்படி ஏறியதும் கண்ணில் படும்படி ஒரு கம்பி அடித்துக் கொடுத்தார். சின்ன அளவு ஆண்கள் சட்டைகளைத் தனியாக அதில் தொங்கவிடச் சொன்னார். என்ன போர்டு எழுதலாம் என்று பையன்கள் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். லேடீஸ் என்று எழுதினால் ஆண்கள் தொடமாட்டார்கள், ஜென்ட்ஸ் என்று எழுதினால் பெண்கள் தயங்குவார்கள். நான் 36, 38 என்று மட்டும் எழுதி மாட்டினேன். இப்போது இரண்டு தரப்பும் அங்கே நிற்கிறார்கள். ஒல்லியான பையன்களும் பெண்களும் ஒரே சட்டைக்கு இழுபறி செய்ததையும் பார்த்துவிட்டேன்.

அத்தை அந்தப் பச்சைச் சட்டையைத் தோட்டத்துக்குப் போடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் போகும்போதெல்லாம் கவனித்தேன். அதே பழைய கிழிசல்தான். பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார் போலும் என்று நினைத்தேன். கேட்கவில்லை.

போன மாசியில் குடும்பத்தோடு தீர்த்தமலைக்குப் போனோம். என் வீட்டுக்காரருக்கு ஏதோ வேண்டுதல். விடியற்காலையில் ஊரில் அத்தையை ஏற்றிக்கொள்ளப் போய் நின்றோம். வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டு அத்தை வந்தார். அரக்குக் கலர் புடவை, அதன்மேல் பச்சைக் கட்டம் போட்ட சட்டை. எல்லாப் பட்டனும் போட்டு, இரண்டு கையும் மணிக்கட்டுவரை. தலையில் அவர் தோட்டத்துச் சாமந்தி. நான் வெள்ளைச் சட்டையும் கறுப்புப் பேண்ட்டும் போட்டிருந்தேன். மலை ஏறுவதற்கு அதுதான் வசதி.

என் வீட்டுக்காரர் அம்மாவைப் பார்த்தார்.

"யாருதும்மா அந்தச் சட்டை?"

"என்னுது" என்றார் அத்தை. வண்டியில் ஏறி ஜன்னலோரமாக உட்கார்ந்துகொண்டார்.

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் ரோட்டைப் பார்த்தேன். அரூர்வரை அவர் உதட்டோரம் சிரிப்பு இருந்துகொண்டே இருந்தது.

படி ஏறும்போது வெயில் ஏறிவிட்டது. அத்தை எங்கள் இருவருக்கும் முன்னால் போனார். நின்று மூச்சு வாங்கும்போது சட்டைப் பையிலிருந்து வறுத்த கடலையை எடுத்துக் கொடுத்தார். இன்னொரு பையில் சூடமும் திருநீறும். மேலே பாறையிலிருந்து விழுகிற தீர்த்தத்தில் ஆட்கள் வரிசையாக நின்று குளித்தார்கள். அத்தை சட்டையைக் கழற்றி, காலரை உள்ளே வைத்துக் கடையில் நாங்கள் மடிப்பதைவிட நேர்த்தியாக மடித்து என்னிடம் கொடுத்தார். "நனச்சிடாத" என்றார். தீர்த்தத்தின் கீழே போய் நின்றார். தண்ணீர் தலையில் விழுந்ததும் ஐயோ சிலு சிலுன்னு இருக்குதே என்று சின்னப் பெண்ணைப்போலச் சத்தம் போட்டார்.

சாமி கும்பிட்டுவிட்டு இறங்கும்போது நல்ல பசி. அடிவாரத்தில் புளியமரத்து நிழலில் கட்டுச்சோற்றைப் பிரித்தோம். அத்தை கட்டி வந்த புளிச்சோறும் வேர்க்கடலைத் துவையலும். என் வீட்டுக்காரர் மூன்றாம் தடவை கை நீட்டியபோது, "எனக்கும் மிச்சம் வையுங்க" என்று இலையைப் பறித்துக்கொண்டேன். காற்று நன்றாக வந்தது. சாப்பிட்டு முடித்துக் கொஞ்ச நேரம் அப்படியே காலை நீட்டி உட்கார்ந்திருந்தோம். கிளம்பலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை.